சான்றும் ஸனதும்: ஆய்விதழ்களின் மேற்கோள் முறைமை பற்றி ஒரு மதிப்பீடு

எந்த அறிவுத்துறையிலும் ஒருவர் முன்வைக்கும் கூற்று இரண்டு பகுதிகளைக் கொண்டது. சொல்லப்படும் செய்தி ஒன்று. அச்செய்தி அவரிடம் வந்து சேர்ந்த வழி மற்றொன்று. ஹதீஸ் கலை அறிஞர்கள் முன்னதை மத்ன் என்றும் பின்னதை ஸனத் என்றும் அழைத்தனர். இன்றைய ஆய்விதழ்கள் அடிக்குறிப்பு, மேற்கோள், துணைநூற்பட்டியல் என வகுத்துக் கூறுவன யாவும் இந்த இரண்டாம் பகுதியைச் சார்ந்தவையே. ஆயினும் நம் பல்கலைக்கழகச் சூழலில் அவை செய்தி வந்த வழியின் சான்றாகக் கருதப்படுவதில்லை. கட்டுரை எழுதி முடிந்தபின் இதழாசிரியரின் விருப்பத்துக்கேற்பச் செய்து கொடுக்க வேண்டிய ஒப்பனையாகவே கருதப்படுகின்றன. இந்நிலை நம் வரலாற்றெழுத்துக்கு, குறிப்பாகத் தமிழ் முஸ்லிம்களின் வரலாற்றெழுத்துக்கு, விளைவிக்கும் இழப்பை எடுத்துக்காட்டுவதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

அண்மையில் புதுக்கோட்டை மாவட்டத்து முஸ்லிம் ஊர்களைப் பற்றிய ஆய்வுக் கட்டுரையொன்று நம் பார்வைக்கு வந்தது. எழுதியவர் இளம் ஆய்வு மாணவி. கட்டுரையின் இரண்டு வடிவங்களை அவர் நம்மிடம் தந்தார். முதல் வடிவத்தை ஆய்விதழொன்று, மேற்கோள்கள் இதழின் நெறிக்கு இணங்க அமையவில்லை என்ற ஒரே குறிப்புடன் திருப்பி அனுப்பியிருந்தது. இரண்டாம் வடிவம் அந்நெறிக்கு முற்றிலும் இணங்கத் திருத்தப்பட்டு ஏற்றுக்கொள்ளப்பட்டிருந்தது. இரண்டையும் அருகருகே வைத்துப் படித்தபோது, திருத்தத்தினால் காற்புள்ளிகளும் அடைப்புக்குறிகளும் சீராகியிருந்ததைக் கண்டோம். அதே திருத்தத்தினால் நூல்கள் அச்சான ஊர்களும், ஹிஜ்ரி ஆண்டுகளும், கல்வெட்டுகளின் வரிசை எண்களும், வாய்மொழியாகத் தகவல் தந்தோர் பற்றிய குறிப்புகளும் மறைந்திருந்தன. முதல் வடிவம் ஒழுங்கற்றது. ஆனால் அதை வைத்துக்கொண்டு மூலத்தைத் தேடிச் செல்ல முடியும். இரண்டாம் வடிவம் ஒழுங்கானது. அதை வைத்துக்கொண்டு எங்கும் செல்ல இயலாது.

நெறிநூல்களும் அவற்றின் பிறப்பிடமும்

இன்று நம் ஆய்விதழ்கள் கேட்கும் நெறிகள் பெரும்பாலும் மூன்று அமெரிக்க நெறிநூல்களிலிருந்து வந்தவை. சிகாகோ பல்கலைக்கழக அச்சகத்தின் நெறிநூல் 1906இல் முதன்முதலில் வெளிவந்து, 2024இல் பதினெட்டாம் பதிப்பைக் கண்டது. அமெரிக்க உளவியல் கழகத்தின் ஏ.பி.ஏ. நெறி 1929இல் ஓர் உளவியல் இதழில் ஏழு பக்கக் கட்டுரையாகத் தொடங்கியது. அதன் ஏழாம் பதிப்பு 2019இல் வெளிவந்தது. நவீன மொழிகள் கழகத்தின் எம்.எல்.ஏ. நெறி 2021இல் ஒன்பதாம் பதிப்பை எட்டியது. இவை குறைபாடுடையவை என்பது நம் வாதமன்று. உளவியல் போன்ற துறைகளில் ஓர் ஆய்வின் அண்மைத்தன்மையே முதன்மையாதலால், ஆசிரியர் பெயரை அடுத்து ஆண்டை வைக்கும் ஏ.பி.ஏ. முறை அத்துறைக்குப் பொருத்தமானதே. ஒரு துறையின் தேவைக்கென அமைந்த நெறியை, அச்சிட்ட இடமும் ஏட்டின் இருப்பிடமும் சான்றின் உயிர்நாடியாக விளங்கும் மற்றொரு துறையின் மீது ஆராயாமல் ஏற்றுவதே ஈண்டு ஆராயத்தக்கது.

இதற்கு ஓர் எடுத்துக்காட்டு: ஏ.பி.ஏ. ஏழாம் பதிப்பு நூல் வெளியான ஊரைக் குறிக்க வேண்டியதில்லை என விதித்தது. சிகாகோ நெறியின் அண்மைப் பதிப்பும் அதைக் கட்டாயமாக்கவில்லை. உலகளாவிய பதிப்பகங்கள் பல நகரங்களிலிருந்து இயங்கும் இக்காலத்தில் அம்முடிவுக்குக் காரணம் உண்டு. ஆனால் பத்தொன்பதாம் நூற்றாண்டின் தமிழ் முஸ்லிம் எழுத்துலகை எண்ணிப் பாருங்கள். அரபுத் தமிழ் நூல்கள் பம்பாயின் கல்லச்சுக் கூடங்களில் அச்சாயின. 1882 டிசம்பரில் 'முஸ்லிம் நேசன்' கண்டியிலிருந்து வெளிவரத் தொடங்கியது. 'சிங்கை நேசன்' 1887இல் சிங்கப்பூரில் தோன்றியது. ஒரு நூல் அச்சான ஊரே, அதன் ஆசிரியர் எந்த வணிகப் பாதையைச் சார்ந்திருந்தார், எந்த வாசகரை நோக்கி எழுதினார் என்பதற்கு நமக்குக் கிடைக்கும் முதற்சான்றாகும். அவ்வூரைப் பட்டியலிலிருந்து நீக்குவது, கடல்வழியே பரவி நின்ற ஒரு பண்பாட்டின் வரைபடத்தைப் புள்ளி புள்ளியாக அழிப்பதற்கு ஒப்பாகும்.

ஆண்டைக் குறிப்பதிலும் இதே இடர்ப்பாடு உண்டு. நம் பழைய நூல்களின் முகப்பில் ஹிஜ்ரி ஆண்டும், சில வேளை அறுபதாண்டுச் சுழற்சியின் தமிழ் ஆண்டுப் பெயரும் காணப்படும். நெறிக்கு இணங்க ஆய்வாளர் அவற்றை ஒரே கிறிஸ்தவ ஆண்டாக மாற்றிவிடுகிறார். ஹிஜ்ரி 1300 என்பது 1882 நவம்பர் 12இல் தொடங்கி 1883 நவம்பர் முதல் நாளில் முடிவுற்றது. அதனை 1882 என்றோ 1883 என்றோ தனித்து எழுதுவது இரண்டுமே ஊகமாகும். அதே முகப்பில் சித்திரபானு என்ற தமிழ் ஆண்டும் இருக்குமாயின், அது 1882 ஏப்ரல் முதல் 1883 ஏப்ரல் வரையிலான காலம். இரண்டையும் இணைத்துப் பார்த்தால் நூல் 1882 நவம்பருக்கும் 1883 ஏப்ரலுக்கும் இடைப்பட்ட ஐந்து மாதங்களுக்குள் வெளிவந்தது எனத் துணியலாம். முகப்பில் உள்ளவாறே இரண்டு ஆண்டுகளையும் பதிந்திருந்தால் கிடைத்திருக்கும் இத்துல்லியம், 'திருத்தப்பட்ட' பட்டியலில் கிடைக்காது. மூல ஆண்டை முதலில் எழுதி, 1300/1882–83 என இணையாண்டுகளைச் சாய்கோட்டின்பின் தருவதே நேர்மையான வழியாகும்.

பெயரை வெட்டுதல்

ஆசிரியர் பெயரைக் குடும்பப் பெயர் முதலாகத் திருப்பி எழுதுமாறு இந்நெறிகள் கேட்கின்றன. தமிழ்ப் பெயர்களில் குடும்பப் பெயர் என ஒன்று இல்லை. முதலெழுத்து தந்தையின் பெயரையோ ஊரையோ குறிப்பது. எனவே இயற்பெயரை முதலில் வைத்து முதலெழுத்தைப் பின்னே எழுதும் வழக்கம் தமிழ் ஆய்வுலகில் ஓரளவு நிலைபெற்றது. முஸ்லிம் பெயர்களிலோ சிக்கல் இன்னும் ஆழமானது. 'அப்துல் ரஹ்மான்' என்பது அளவற்ற அருளாளனின் அடியான் எனப் பொருள்படும் ஒரே பெயர். அதை இறுதிச் சொல்லில் வெட்டி 'ரஹ்மான், அப்துல்' என எழுதும்போது, இறைவனின் திருநாமம் மனிதனின் குடும்பப் பெயராகிவிடுகிறது. எஞ்சும் 'அப்துல்' என்பது பொருள் முற்றுப்பெறாத துண்டாகிவிடுகிறது. இது மொழிப்பிழை மட்டுமன்று. பெயரின் பொருளை உணர்ந்தோர் மனம் ஒப்பாத பிழையுமாகும்.

சீறாப்புராணத்தை 1842இல் முதன்முதலில் அச்சேற்றிய புலவர் நாயகம், ஷெய்கு அப்துல் காதிர் நெய்னார் லெப்பை ஆலிம் எனும் முழுப்பெயருடையவர். இறுதிச் சொல்லே குடும்பப் பெயர் எனக் கொள்ளும் மென்பொருளிடம் இப்பெயரைக் கொடுத்தால், அது அவரை 'ஆலிம்' என்ற தலைப்பின்கீழ் அடுக்கும். ஆலிம் என்பது மார்க்கக் கல்விக்கான பட்டம். 'அசன்பே சரித்திரம்' எழுதிய சித்தி லெப்பையை அது 'லெப்பை' என்ற தலைப்பில் வைக்கும். அதே பட்டியலில் வேறு எத்தனை லெப்பைமார் இருப்பர் என்பதை வாசகர் அறிவர். இதனால் நேரும் தீங்கு எளிதில் கண்ணுக்குப் புலப்படுவதில்லை. ஒரே அறிஞர் மூன்று பட்டியல்களில் மூன்று தலைப்புகளின்கீழ் இடம்பெறுகிறார். அவருடைய நூல்களைத் தேடும் அடுத்த தலைமுறை அவரை மூன்று மனிதராகக் காண்கிறது அல்லது காணாமலே போய்விடுகிறது.

இதற்குத் தீர்வு கடினமானதன்று. 2006 முதல் வழங்கிவரும் ஸொட்டெரோ போன்ற மேற்கோள் மென்பொருள்களில், பெயரை முற்பகுதி, பிற்பகுதி எனப் பிரிக்காமல் ஒரே கட்டத்தில் முழுமையாக இடும் வசதி உண்டு. அவ்வாறு இட்டால் மென்பொருள் பெயரைத் திருப்பாது. அவ்வசதியைப் பயன்படுத்துமாறு நம் இதழாசிரியர்கள் எழுத்தாளர் குறிப்புகளில் ஒரு வரி சேர்த்தாலே போதுமானது.

புதுக்கோட்டைக் கல்வெட்டுத் தொகுதிகள் கற்பிப்பது

மேற்கோள் முறைமையின் நல்ல மாதிரியைத் தேடி நாம் வெகுதொலைவு செல்ல வேண்டியதில்லை. புதுக்கோட்டைச் சமஸ்தானம் 1929இல் தன் எல்லைக்குட்பட்ட கல்வெட்டுகளின் காலவரிசைப் பட்டியலையும், மரபுவழி வகைப்படுத்திய மூலப் பாடத் தொகுதியையும் வெளியிட்டது. ஆயிரத்துக்கும் மேற்பட்ட கல்வெட்டுகளுக்கு ஒவ்வொன்றாக வரிசை எண் இடப்பட்டது. பின்னர் கே. ஆர். சீனிவாச ஐயர் 1940களில் இரு பகுதிகளாக அளித்த ஆங்கில மொழிபெயர்ப்பும் அவ்வெண்களையே பின்பற்றியது. ஆகவே ஓர் எண்ணைக் கொண்டு பட்டியலில் சுருக்கத்தையும், மூலத் தொகுதியில் பாடத்தையும், மொழிபெயர்ப்பில் பொருளையும் ஒருவர் காண முடியும். எத்தனை பதிப்பு மாறினும், எந்தப் பக்கத்தில் அச்சாயினும், அவ்வெண் மாறுவதில்லை. சீறாப்புராணத்தைக் காண்டம், படலம், செய்யுள் எண் கொண்டு குறிப்பதும், திருக்குர்ஆனை அத்தியாயமும் வசனமும் கொண்டு குறிப்பதும் இவ்வகையினவே. நூலின் உள்ளமைப்பைச் சார்ந்த குறிப்பு பதிப்பைக் கடந்து வாழ்கிறது. பக்க எண் பதிப்போடு மறைகிறது. ஆனால் நமக்கு வந்த கட்டுரையின் இரண்டாம் வடிவத்தில் கல்வெட்டு எண்கள் நீக்கப்பட்டு, தொகுதியின் பெயரும் 1929 என்ற ஆண்டும் மட்டுமே எஞ்சியிருந்தன. வாசகர் ஆயிரம் கல்வெட்டுகளுள் எதனைத் தேடுவார்?

இனி, ஒரு மூலத்தின் எல்லையை அறியாமல் அதனை மேற்கோளாக்குவதன் விளைவைப் பார்ப்போம். 1948 மார்ச்சில் இந்திய ஒன்றியத்துடன் இணைந்த சமஸ்தானமும், 1974 ஜனவரி 14 அன்று உருவான மாவட்டமும் ஒன்றல்ல. சமஸ்தானம் ஆலங்குடி, திருமயம், குளத்தூர் எனும் மூன்று வட்டங்களைக் கொண்டது. அதற்குக் கடற்கரை கிடையாது. திருச்சிராப்பள்ளி, தஞ்சாவூர் மாவட்டங்களின் பகுதிகளைக் கொண்டு புதிய மாவட்டம் அமைந்தபோதுதான் அறந்தாங்கிப் பகுதியும் அதையொட்டிய கடலோரமும் 'புதுக்கோட்டை' என்ற பெயருக்குள் வந்தன. கோட்டைப்பட்டினம், அம்மாபட்டினம் முதலிய முஸ்லிம் ஊர்கள் அக்கடலோரத்தில் உள்ளவை.

எனவே எஸ். ராதாகிருஷ்ண ஐயர் 1916இல் எழுதிய சமஸ்தான வரலாற்றிலோ, கே. ஆர். வெங்கடராம ஐயர் 1938க்கும் 1944க்கும் இடையில் பதிப்பித்த சமஸ்தானக் கையேட்டிலோ இக்கடலோர ஊர்களுக்குரிய இடத்தைத் தேடுவது பொருந்தாது. அவை அந்நூல்களின் எல்லைக்கு வெளியே இருந்தவை. அவற்றுக்கான அரசு ஆவணங்களைப் பழைய தஞ்சாவூர் மாவட்டப் பதிவேடுகளில்தான் தேடவேண்டும். இதனை உணராத ஆய்வாளர், கையேட்டை உரிய முறையில் மேற்கோள் காட்டிவிட்டு, 'புதுக்கோட்டைக் கடலோர முஸ்லிம்கள் பற்றிய பழைய சான்றுகள் அரிது' என்ற முடிவுக்கு வந்துவிடக்கூடும். நம் மாணவியின் கட்டுரையிலும் ஏறத்தாழ இத்தகைய வரி ஒன்று இருந்தது. மேற்கோளில் ஒரு புள்ளியும் பிழையில்லை. ஆனால் அந்த மேற்கோளின் துணையோடு ஒரு சமூகத்தின் நூற்றாண்டுக்கால இருப்பு 'சான்றில்லாதது' ஆகிவிடுகிறது. நாம் சுட்டிக்காட்டிய பின் அவர் அவ்வரியை நீக்கிக்கொண்டார்.

பார்க்காததைப் பார்த்ததாகக் கூறுதல்

இதனினும் பெரிய குறை வேறொன்று உண்டு. அக்கட்டுரையில் கல்வெட்டியல் ஆண்டறிக்கை ஒன்று நேரடி மூலமாகக் குறிக்கப்பட்டிருந்தது. அவ்வறிக்கையைப் பார்த்தீர்களா என வினவினோம். இல்லை, ஒரு முனைவர் பட்ட ஆய்வேட்டின் அடிக்குறிப்பிலிருந்து எடுத்ததாகக் கூறினார். அந்த ஆய்வேட்டின் ஆசிரியரும் பிறிதொரு நூலிலிருந்தே அதனை எடுத்திருக்கக்கூடும். இது அம்மாணவி ஒருவரின் குறையன்று. நம் ஆய்வுலகில் பரவலாகக் காணப்படும் பழக்கமாகும். நாமும் இளமையில் இதற்கு விலக்கல்லர்.

ஹதீஸ் கலையில் இதையொத்த ஒரு செயலுக்குப் பெயரே உண்டு. தாம் சந்தித்த ஆசிரியரிடமிருந்து தாம் நேரில் கேளாத ஒன்றை, இடையில் உள்ளவரை மறைத்து, நேரில் கேட்டதுபோன்று தோன்றும் சொல்லால் அறிவிப்பதைத் தத்லீஸ் என்றனர். அவ்வாறு செய்பவர் பொய்யர் எனக் கருதப்படவில்லை. எனினும், 'அன்' எனும் தெளிவற்ற இணைப்புச் சொல்லால் அவர் அறிவிப்பவற்றை, நேரில் கேட்டதாக அவர் வெளிப்படையாகக் கூறும்வரை ஏற்கலாகாது என்பதே அத்துறையினர் பெரும்பான்மையோர் கொண்ட விதி. 'எமக்கு அறிவித்தார்', 'எமக்குத் தெரிவித்தார்', 'இன்னாரிடமிருந்து', 'இன்னாரின் கையெழுத்தில் கண்டேன்' என ஒவ்வொரு சொல்லுக்கும் அவர்கள் தனித்தனி எடை வகுத்திருந்தனர். ஹிஜ்ரி 643இல் (கி.பி. 1245) மறைந்த இப்னுஸ் ஸலாஹ் (ரஹ்) தம் ஹதீஸ் கலை முன்னுரை நூலில் அறிவைப் பெறும் எட்டு வழிகளை வரிசைப்படுத்துகிறார். அவற்றுள் இறுதியானது விஜாதா. ஆசிரியரிடம் கேட்காமல், ஏட்டில் மட்டும் கண்டெடுத்தல். இன்று நாம் செய்யும் ஆய்வின் பெரும்பகுதி இந்த விஜாதாவே ஆகும். முன்னோர் அதனை இழிவாகக் கருதவில்லை. அதை அதுவாகவே கூறவேண்டும் என்றே வலியுறுத்தினர்.

இவ்வொப்புமைக்கு ஓர் எல்லையும் உண்டு. ஸனத் என்பது அறிவிப்பாளரின் நம்பகத்தன்மையை எடைபோடுவதற்கானது. அடிக்குறிப்பு என்பது ஆவணத்தை வாசகர் மீண்டும் சோதிப்பதற்கானது. இரண்டையும் ஒன்றெனக் கூறுவது மிகையாகும். எனினும் 'நீர் எதை நேரில் கண்டீர், எதைப் பிறர் வழியாக அறிந்தீர்?' என்ற வினா இரண்டுக்கும் பொது. அமெரிக்க நெறிநூல்களும் இதனை விட்டுவிடவில்லை. காணாத மூலத்தை, அதனை எடுத்துக்காட்டிய நூலின் வழியாகவே குறிக்கவேண்டும் என அவையும் விதிக்கின்றன. நம் இதழ்கள் காற்புள்ளி பற்றிய விதியைப் பின்பற்றச் சொல்கின்றன. இவ்விதியைப் பற்றி வினவுவதில்லை.

இவ்வாறு நகலெடுத்த மேற்கோள்கள் எவ்வளவு காலம் வாழும் என்பதற்குச் சித்தன்னவாசலே சான்று. அதன் ஓவியங்கள் மகேந்திரவர்ம பல்லவன் காலத்தவை என்ற கருத்து இருபதாம் நூற்றாண்டின் முற்பகுதியில் எழுந்தது. பின்னர், பாண்டிய மன்னன் அவனிபசேகரன் ஸ்ரீவல்லபன் காலத்தில் மதுரை ஆசிரியர் இளங்கௌதமன் அக்குடைவரையைப் புதுப்பித்ததைக் கூறும் கல்வெட்டு கவனம் பெற்றபின், ஓவியங்கள் ஒன்பதாம் நூற்றாண்டைச் சார்ந்தவை என்ற கருத்து வலுப்பெற்றது. எனினும் பழைய கருத்து நூலுக்கு நூல், அடிக்குறிப்புக்கு அடிக்குறிப்பு, பின்னும் நெடுங்காலம் தொடர்ந்தது. கல்வெட்டு அதே குகையின் பாறையில், பார்க்க விரும்புவோர் கண்ணெதிரே இருந்தது.

தக்ரீஜ் எனும் திறனாய்வு

மேற்கோளைச் சரிபார்ப்பது எழுத்தர் வேலை என்ற எண்ணம் நம்மிடையே உண்டு. இஸ்லாமிய அறிவு மரபு அதனைத் தனிக்கலையாகவே வளர்த்தது. இமாம் கஸ்ஸாலியின் (ரஹ், மறைவு ஹி. 505/கி.பி. 1111) 'இஹ்யா உலூமித்தீன்' நூலில் ஏராளமான ஹதீஸ்கள் மூலக் குறிப்பின்றி இடம்பெற்றுள்ளன. மூன்று நூற்றாண்டுகளுக்குப் பின் வந்த ஹாஃபிழ் ஸைனுத்தீன் அல்இராக்கீ (ரஹ், மறைவு ஹி. 806/கி.பி. 1404) அவற்றை ஒவ்வொன்றாக மூலநூல்களில் தேடி, எந்நூலில் எவர் வழியாக வந்துள்ளது, அதன் தரம் என்ன என எழுதினார். இன்று இஹ்யாவின் பல பதிப்புகளில் பக்கங்களின் அடியில் அவருடைய குறிப்புகளே அச்சாகியுள்ளன. சில ஹதீஸ்களைப் பற்றி, 'இதற்கு மூலம் எதையும் நான் காணவில்லை' என்ற கருத்தில் அவர் வெளிப்படையாக எழுதிவிடுகிறார். கஸ்ஸாலியின் மீது கொண்ட மதிப்பு அவரைத் தடுக்கவில்லை. அக்குறிப்பினால் கஸ்ஸாலியின் மதிப்பும் குறைந்துவிடவில்லை.

சுருக்கக் குறியீடுகளும் நமக்குப் புதியன அல்ல. இமாம் ஸுயூத்தீ (ரஹ், மறைவு ஹி. 911/கி.பி. 1505) தம் 'அல்ஜாமிஉஸ் ஸகீர்' நூலில் புகாரிக்குக் 'கா' எழுத்தையும், முஸ்லிமுக்கு 'மீம்' எழுத்தையும், இருவரும் ஒருங்கே பதிவு செய்ததற்குக் 'காஃப்' எழுத்தையும் குறியாக்கி, அவற்றின் விளக்கத்தை முன்னுரையில் தந்தார். மேற்கோள் முடியும் இடத்தில் 'இன்தஹா' என்பதன் சுருக்கத்தை இடும் வழக்கத்தை அரபுக் கல்லூரியின் முதல் வகுப்பு மாணவரும் அறிவார். பிறர் சொல் எங்கே முடிகிறது, தன் சொல் எங்கே தொடங்குகிறது என்பதைக் காட்டும் அச்சிறு குறி, மேற்கோள் நேர்மையின் சாரம் எனலாம்.

எனினும் நம் சமய வெளியீடுகளும் இன்று இம்மரபுக்கு உண்மையாக இருப்பதாகக் கூற இயலாது. 'நூல்: புகாரி' என்றதோடு நின்றுவிடும் துண்டு வெளியீடுகள் பல. எண் தரப்படும் இடத்திலும் அது எந்தப் பதிப்பின் எண் என்பது கூறப்படுவதில்லை. ஸஹீஹுல் புகாரியின் இறுதி ஹதீஸுக்கு 7563 என எண் தருவது ஃபுஆத் அப்துல் பாகீயின் எண்முறை. பிற எண்முறைகளில் அதே ஹதீஸ் வேறு எண்ணைப் பெறும். அத்தியாயத்தையும் பாடத்தையும் சேர்த்துக் குறித்தால் இக்குழப்பம் நேராது. பிறருடைய ஆய்விதழ்களைக் குறைகூறும் முன் நம் முற்றத்தையும் பெருக்கிக்கொள்வது கடமையாகும்.

வடிவம் சரியான பொய்

2018இல் பல்கலைக்கழக மானியக் குழு கருத்துத் திருட்டைத் தடுக்கும் ஒழுங்குவிதிகளைப் பிறப்பித்தது. சொல்லொப்புமை 10 விழுக்காட்டுக்குள் இருப்பின் குற்றமில்லை. 10–40, 40–60, அதற்கு மேல் என மூன்று படிகளில் நடவடிக்கை. இவ்விதிகள் தேவையானவையே. ஆனால் ஒப்புமையைக் கணக்கிடும் மென்பொருள் சொற்களை ஒப்பிடுகிறது. துணைநூற்பட்டியலைக் கணக்கில் கொள்வதில்லை. காணாத நூலைக் கண்டதாகக் கூறும் ஆய்வேடு அச்சோதனையில் சுழிய விழுக்காட்டுடன் தேறிவிடும்.

இப்போது அதனினும் கடுமையான சோதனை வந்துள்ளது. கேட்ட மாத்திரத்தில் கட்டுரை எழுதித் தரும் செயற்கை நுண்ணறிவுக் கருவிகள், இல்லாத நூலுக்கும் ஆசிரியர், ஆண்டு, இதழ், பக்கம் அனைத்தையும் நெறி பிறழாமல் அமைத்துத் தந்துவிடுவதுண்டு. 2023இல் நியூயார்க் நீதிமன்றமொன்றில், அவ்வாறு கருவி புனைந்த முன்தீர்ப்புகளை மேற்கோள் காட்டிய வழக்கறிஞர்களுக்கு 5,000 டாலர் தண்டம் விதிக்கப்பட்டது. ஹதீஸ் புனைந்தோர் வரலாற்றை அறிந்தவர்க்கு இது வியப்பளிக்காது. புனைந்தோரும் நல்ல ஸனதைத் தேர்ந்தே ஒட்டினர். ஸனத் பார்வைக்குச் சீராக இருப்பது மட்டும் போதுமானதாக இருந்திருந்தால், அறிவிப்பாளர் வரலாற்றுக் கலை தோன்றியே இராது. வடிவத்தை மட்டும் சோதிக்கும் இதழாசிரியருக்கு இக்கருவியிடமிருந்து தற்காப்பு ஏதுமில்லை என்பதை அழுத்தமாகவே கூற விரும்புகிறோம்.

நாம் வேண்டுவன

தமிழ் ஆய்விதழ்களின் ஆசிரியர்களிடம் நாம் வேண்டுவன சில. முதலாவது, நேரில் கண்ட மூலங்களையும் பிறர் வழி அறிந்தவற்றையும் பட்டியலில் வேறுபடுத்தச் செய்தல். இரண்டாவது, அச்சிட்ட ஊரையும் மூல ஆண்டையும் கட்டாயமாக்குதல். மூன்றாவது, முஸ்லிம் பெயர்களையும் பிற தமிழ்ப் பெயர்களையும் வெட்டாமல், திருப்பாமல் பதிதல். நான்காவது, கல்வெட்டு, காப்பியம், ஹதீஸ் ஆகியவற்றுக்கு உள்ளமைப்பு எண்ணையும், அவ்வெண் எந்தப் பதிப்பைச் சார்ந்தது என்பதையும் கேட்டல். ஐந்தாவது, வாய்மொழிச் சான்றுக்கு இடமளித்தல். திருமயம் வட்டத்துக் காட்டுபாவா பள்ளிவாசல் போன்ற இடங்களைப் பற்றி ஊர்ப் பெரியவர் ஒருவர் கூறும் செய்தியை, யார், யாரிடம் கேட்டு, எங்கே, எந்த நாளில் கூறினார் எனப் பதிவது ஹதீஸ் மரபில் வந்த நமக்குக் கடினமாக இருத்தல் ஆகாது. இறுதியாக, கட்டுரைக்கு இரண்டு மேற்கோள்களையேனும் மதிப்பீட்டாளர் மூலத்தோடு ஒப்பிட்டுப் பார்த்தல்.

மூலங்கள் எட்டாதவை என்ற சமாதானம் பெரும்பாலும் பொருந்தாது. புதுக்கோட்டைத் திருக்கோகர்ணத்தில், பா. கிருஷ்ணமூர்த்தியும் டோரதி கிருஷ்ணமூர்த்தியும் தம் வாழ்நாள் உழைப்பாலும் ஊதியத்தாலும் உருவாக்கிய ஞானாலயா ஆய்வு நூலகம், தமிழ் நூல்களின் முதற்பதிப்புகளுக்குப் பேர்பெற்றது. ஆசிரியப் பணியிலிருந்த ஒரு குடும்பம் இத்தனை நூல்களைத் திரட்டிக் காத்தது, பின்வரும் ஆய்வாளர் முகப்புப் பக்கத்தைத் தம் கண்ணால் காண வேண்டும் என்பதற்காகவே அன்றோ!

கடன் கொடுக்கல் வாங்கலை எழுதிவைக்கவும் சாட்சிகளை அமர்த்தவும் கட்டளையிடும் வசனமே (2:282) திருக்குர்ஆனின் மிக நீண்ட வசனம். சிறு தொகைக் கடனுக்கும் எழுத்தும் சாட்சியும் வேண்டும் எனில், முன்னோரிடம் நாம் பட்ட அறிவுக் கடனுக்கு அவை வேண்டாமா? நம் மாணவி தம் கட்டுரையின் மூன்றாம் வடிவத்தை இப்போது எழுதிவருகிறார். ஊர்ப் பெயர்களும் ஹிஜ்ரி ஆண்டுகளும் கல்வெட்டு எண்களும் மீண்டும் இடம்பெற்றுள்ளன. கல்வெட்டியல் ஆண்டறிக்கைக்கு எதிரே, தாம் அதை நேரில் காணவில்லை என்றும் இன்ன ஆய்வேட்டின் வழியாக அறிந்ததென்றும் எழுதியுள்ளார். அதனை எந்த இதழ் ஏற்கும் என்பதை நாம் அறியோம். ஏற்கும் இதழ்கள் நம்மிடையே உருவாக வேண்டும் என்பதே நம் அவா. வல்லாஹு அஃலம்.